துணைக்கால்

ஜூன் 7

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் மாமாவின் இடுப்பைத் தவிர. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள் என்று நானாக ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். நீதான் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை என்று சத்தியம் செய்தவன் ஆயிற்றே.

உன் கார்டு நேற்று வந்தது. மாமா வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இது தமிழா, இல்ல கோழி நடந்துபோன தடமா?" என்று என்னிடம் நீட்டினார். நான் ஒரே மூச்சில் படித்துக் காட்டினேன். "உன் தம்பி எழுத்துக்கு உலகத்துலயே நீ ஒருத்திதான் வாசகி" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, போ. மறுபடியும் மெத்தைமேல் வைத்துத்தானே எழுதினாய்? ஒரு இடத்தில் பேனா அமுங்கிக் கார்டில் பொத்தலே விழுந்திருக்கிறது. அத்தனை பெரிய மெத்தைப் பட்டறையில் எழுத ஒரு பலகை கிடையாதா?

"பத்தாம் தேதி செக்கை பாங்க்கில் போட வேண்டும். விவரம் பிறகு எழுதுகிறேன். அவசரம், லாரி நிற்கிறது." என்னடா இது, மேலதிகாரி உத்தரவு மாதிரி! "போட்டுக்கோ அக்கா" என்று எழுதினால் உன் பேனாவில் மை தீர்ந்துவிடுமா?

ஆனாலும் படித்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. மாமாவுக்கு இடுப்பு எலும்பின் பந்து தேய்ந்துபோய்விட்டதாம். மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். பதினெட்டாம் தேதி ஆபரேஷன். அதற்குள் முன்பணம் கட்ட வேண்டும். உன்னிடம் எப்படிக் கேட்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது நீயே எழுதிவிட்டாய்.

என் ஓய்வுப் பணத்தை உன் தையல் மெஷினுக்குக் கொடுத்த அன்று நீ இந்த ஜூன் பத்தாம் தேதியைப் போட்டு செக் எழுதி நீட்டினாய். "அக்கா தம்பிக்குள்ள செக் எதுக்குடா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்க்கா. நாளைக்கு நான் மாறிட்டேன்னா?" என்று சிரித்தாய். பீரோவில் புடவைக்கு அடியில் அப்படியே இருக்கிறது.

உன் போன் எப்போதும் அணைந்தே கிடக்கிறது என்கிறாள் என் மகள். கடன்காரர் தொல்லையா? எனக்கு அது இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டே தேய்ந்த காது. சொந்தப் பேச்சுக்கு மிச்சமில்லை. கடிதம் போடு.

உன்
அக்கா


ஜூன் 16

சுண்டு,

செக் திரும்பி வந்துவிட்டது. கணக்கில் போதிய பணம் இல்லை என்று ஒரு துண்டுச் சீட்டும் கூடவே வந்தது.

கவுண்டரில் இருந்த பெண் முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. "என்னம்மா?" என்றேன். "பணம் இல்லம்மா! அக்கவுண்ட்ல பணம் இல்ல!" என்று கத்தினாள். எனக்குத்தானே காது கேட்காது, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் நன்றாகக் கேட்கும். செருப்பைக் கூடச் சரியாகப் போட்டுக்கொள்ளாமல் வெளியே வந்தேன்.

போடு என்று நீதானே எழுதினாய்? பணம் இல்லை என்றால் இல்லை என்று சொல்ல எனக்கும் உனக்கும் நடுவில் என்னடா வெட்கம்? ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாயிற்று. மாமா ஒரு வார்த்தை உன்னைச் சொல்லவில்லை. "ஏதாவது இசகுபிசகா ஆயிருக்கும், அவனைத் திட்டி எழுதாதே" என்கிறார். ராத்திரியில் புரண்டு படுக்கும்போது மட்டும் "அம்மா" என்கிறார். அது எனக்குக் காதில் விழாது என்று நினைக்கிறார். கட்டில் அதிர்வதில் தெரிகிறது.

என்ன நடந்தது என்று எழுது. இல்லாவிட்டால் நேரில் வா. வந்து நாலு திட்டு வாங்கிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

செக் திரும்பியது உனக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். பாங்க் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். சொன்னதோடு விடவும் இல்லை.

நீ செய்தது உனக்குச் சரி என்று பட்டிருக்கும். நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. மாமாவின் உடம்பைப் பார்த்துக்கொள். உன் பணம் வரும்.

சுண்டு


ஜூலை 9

தம்பிக்கு,

உன் நாலு வரிக் கடிதத்தை நாற்பது தடவை படித்துவிட்டேன். "நீ செய்தது" என்கிறாய். நான் என்னடா செய்தேன்? செக் எழுதியது நீ. போடச் சொன்னது நீ. பாங்க்கில் தலைகுனிந்து நின்றது நான். கடைசியில் கோபம் உனக்கா? இது எந்த ஊர் நியாயம்?

"ஒன்றும் கேட்கப்போவதில்லை" என்று நீ எழுதியிருந்ததுதான் என்னைச் சுட்டது. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மாப்பிள்ளை வந்திருந்தார். அவர் வக்கீல் அல்லவா, அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. "அத்தை, இதுக்குன்னு சட்டத்துல நூத்தி முப்பத்தெட்டுன்னு ஒரு பிரிவு இருக்கு. செக் திரும்பின சீட்டு வந்த முப்பது நாளைக்குள்ள நோட்டீஸ் விடணும். விடலைன்னா இந்த செக்கை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். நான் கேஸ் கீஸ் எல்லாம் வேண்டாம் என்றேன். "நோட்டீஸ்னா கேஸ் இல்ல அத்தை. கையில கிடைச்ச பதினஞ்சு நாளைக்குள்ள பணத்தைக் குடுத்துட்டா அதோட சரி. குடுக்காட்டித்தான், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போறதா இல்லையான்னு நாம முடிவு பண்ணணும். இப்போதைக்கு இது ஒரு ஞாபகக் கடுதாசிதான்" என்றார். மாமா கட்டிலிலிருந்து "எழுதாதே, எழுதாதே" என்று கையை ஆட்டினார். நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன். ஆமாம், கோபம்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இங்கிலீஷில் எழுதி, உனக்குப் புரியட்டும் என்று தமிழிலும் எழுதியிருக்கிறார். நான் படிக்கவில்லை. இந்தக் கடிதம் முன்னாலும் நோட்டீஸ் பின்னாலும் வர வேண்டும் என்றுதான் இதை இன்றே போடுகிறேன். பயந்துவிடாதே. அதை ஞாபகக் கடுதாசி என்றே நினைத்துக்கொள். நீ வந்து நின்றால் போதும், எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடலாம்.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

உன் நோட்டீஸ் முந்தாநாளே வந்துவிட்டது. ரிஜிஸ்தர் தபால் அல்லவா, நடந்து வராது. உன் கடிதம் இன்றுதான் வந்தது.

கையெழுத்துப் போட்டு வாங்கியது என் வீட்டுக்காரி. பட்டறையில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் நாலு பேரும் இருந்தார்கள். "உங்க அக்கா மாப்பிள்ளை அனுப்பியிருக்கார்" என்றாள். ஏதோ விசேஷப் பத்திரிகை என்று நினைத்து, "சத்தமா வாசி" என்றேன். அவளும் வாசித்தாள்.

"எமது கட்சிக்காரரை ஏமாற்றும் எண்ணத்துடன் தாங்கள் மேற்படி காசோலையைக் கொடுத்துள்ளீர்கள்." அங்கே வந்ததும் நிறுத்திவிட்டாள். நான்தான் பிடுங்கி மீதியைப் படித்தேன். இரண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலாம். செக்கில் உள்ளதைப் போல் இரண்டு மடங்கு வரைக்கும் அபராதமாம். ஆட்கள் பஞ்சைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

எமது கட்சிக்காரர்! வீட்டில் சண்டை என்று வந்தால் நீ எப்போதுமே என் கட்சி. அப்பா பெல்ட்டை எடுத்தால் குறுக்கே வந்து நிற்பாய். நீ எப்போது அக்கா கட்சி மாறினாய்?

இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தக் கார்டில் நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செக்கைப் போட வேண்டாம் என்று. அதற்கு உன்னிடமிருந்து பதிலே வரவில்லை, செக் திரும்பிய பிறகு எழுதிய கடிதம்தான் வந்தது. விடுதிக்குப் போட்ட மெத்தைப் பணம் வரவில்லை. பாங்க்கில் கடனைக் கூட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பதினைந்தாம் தேதி கையெழுத்து. அதுவரைக்கும் என் கணக்கில் ஒரு கறுப்புப் புள்ளி விழக்கூடாது. அதற்காகத்தான் லாரியை நிறுத்தி வைத்து, ஏற்றின மெத்தைமேலேயே வைத்து அவசரமாக எழுதிப் போட்டேன். பதினாறாம் தேதி பணத்தோடு நானே உன் வாசலில் வந்து நிற்பதாக இருந்தேன். உனக்குச் சொல்லவில்லை, திடீரென்று வந்து நிற்கலாம் என்று ஆசை.

நீ போட்டாய். செக் திரும்பியது. மேனேஜர் என் முன்னாலேயே கடன் காகிதங்களை மூடி ஓரமாகத் தள்ளினார். "சொந்த அக்காவுக்குக் குடுத்த செக்கே நிக்கலை. உங்களை நம்பி நாங்க எப்படி சார்?" என்றார்.

மாமா வலி தாங்காமல் இருக்கிறார், அதனால் போட்டுவிட்டாய் என்று நினைத்தேன். அது நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்று எழுதினேன். முதல் தடவை கோபத்தில் எழுதுகிறாய் என்று விட்டேன். மறுபடியும் "போடச் சொன்னது நீ" என்று எழுதுகிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தவறு செய்தால் செய்தேன் என்று சொல். என்னைப் பொய்யன் ஆக்காதே.

தம்பி


ஜூலை 18

என் கண்ணே, சுண்டு,

உன் கடிதத்தைப் படித்தேன். நேராக அலமாரிக்குப் போனேன். உன் கார்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கார்டை எடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். மாமாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.

"வேண்" வரைக்கும் சரியாக இருக்கிறது. அடுத்த எழுத்தில்தான் பேனா மெத்தைக்குள் அமுங்கியிருக்கிறது. டாவின் துணைக்கால் தனியே நிற்காமல் டவோடு ஒட்டிக்கொண்டு, கீழே இறங்காமல் பாதியிலேயே சுருண்டுவிட்டது. பார்த்தால் டு. வேண்டும். இப்போது நீ சொன்ன பிறகு பார்த்தால் டா. வேண்டாம். கண்ணை மூடி மூடித் திறந்து பார்க்கிறேன், இரண்டாகவும் தெரிகிறதடா.

துணைக்காலைத் தனியாக நிற்க வை, ஒட்டாதே என்று சிலேட்டில் உன் விரலைப் பிடித்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "தனியா நின்னா அதுக்கு பயமா இருக்கும்க்கா" என்பாய். நான் சிரித்துவிடுவேன். அன்றைக்கே ஒரு அறை விட்டிருக்க வேண்டும்.

பிறந்த நாளிலிருந்து உன்னை "டா" போட்டே கூப்பிட்டவள் நான். அந்த ஒரு டாவை மட்டும் படிக்கத் தெரியாமல் போனேனே! பணம் வேண்டும், வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டிருந்தது. அதனால் கண்ணும் அப்படியே படித்ததோ என்னவோ. "போட வேண்டும்" என்று நீ எழுதமாட்டாய் என்று எனக்கு அப்போதே பட்டது. உன் கைக்கு வராமல் போன அந்தக் கடிதத்தில் அதைக் கேலி பண்ணி எழுதினேனே தவிர, நின்று யோசிக்கவில்லை.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். கேஸும் இல்லை, ஒன்றும் இல்லை. பதினைந்து நாள் ஆனால் என்ன, பதினைந்து வருஷம் ஆனால் என்ன, நாங்கள் கோர்ட்டு வாசலை மிதிக்கப்போவதில்லை. அவரைத் திட்டாதே, எய்தவள் நான். "ஏமாற்றும் எண்ணத்துடன்" என்று அதில் இருப்பது நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். "எல்லா நோட்டீஸ்லயும் அப்படித்தான் அத்தை போடுவோம்" என்கிறார். எல்லோரும் நீயாகிவிட முடியுமா?

மாமாவுக்கு ஆபரேஷன் பதின்மூன்றாம் தேதி முடிந்தது. என் வளையல்களை வைத்துப் பணம் புரட்டினோம். இதை முதலிலேயே செய்திருக்கலாம். புத்தி வரவில்லை. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் தம்பி வந்தானா?"

நீ பணம் அனுப்ப வேண்டாம். நன்றாகப் படி, வேண்டாம். பட்டறையை நிமிர்த்து. மேனேஜரிடம் நான் வந்து பேசுகிறேன், தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உன் வீட்டுக்காரியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன்
அக்கா


ஜூலை 25

பெறுநர்: மூத்த சகோதரி அவர்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: தங்கள் வழக்கறிஞரின் அறிவிப்பு தொடர்பாக.

மேற்படி அறிவிப்பில் கண்ட முழுத் தொகைக்குமான வங்கி வரைவோலை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அறிவிப்பு கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் தொகை செலுத்தப்படுவதால் சட்டப்படி இவ்விவகாரம் முடிவுக்கு வந்ததாகக் கொள்ள வேண்டுகிறேன். தாங்கள் பணம் அளித்து வாங்கிய தையல் இயந்திரம் விற்கப்பட்டு இத்தொகை திரட்டப்பட்டது. பட்டறை மூடப்பட்டுவிட்டது.

தாங்கள் கார்டைத் தவறுதலாகப் படித்ததாக எழுதியிருந்த கடிதம் கிடைத்தது. என் எழுத்தை உலகத்திலேயே சரியாகப் படிக்கக்கூடியவர் தாங்கள் ஒருவர்தான் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். ஆகவே தாங்கள் கூறுவதை நம்ப இயலவில்லை.

இனி எவ்விதக் குழப்பமும் நேராதிருக்க இக்கடிதம் கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்யப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மெத்தைப் பட்டறை முன்னாள் உரிமையாளர்


ஆகஸ்ட் 10

சுண்டு,

அச்சடித்த கடிதம் வந்தது. அதில் துணைக்காலெல்லாம் தனித்தனியாக, சிப்பாய் மாதிரி நிற்கிறது. ஒரு எழுத்துக்கூடக் குழப்பமில்லை. நீதான் அதில் இல்லை.

தாங்களாம். மதிப்பிற்குரிய அம்மாவாம். நான் உனக்கு அம்மாவா? அம்மா போன பிறகு அப்படி இருக்கப் பார்த்தேன், அது வேறு. நீ என்னை "ஏய் பெரிசு" என்று கூப்பிட்டபோதெல்லாம் தலையில் குட்டியிருக்கிறேன். இப்போது ஒரு தடவை கூப்பிடேன், குட்டமாட்டேன்.

மெஷினை விற்றுவிட்டாய் என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். முதல் மெத்தை தைத்த அன்று என்னைத்தானே அதன்மேல் உட்காரச் சொன்னாய்? நூல் கூட அறுக்கவில்லை. "அக்கா, குதி!" என்றாய். அறுபதை நெருங்குகிறவள், ஆட்கள் எல்லோரும் பார்க்கக் குதித்தேன்.

மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையல்கட்டு வரை வருகிறார். "இதுதான் இனிமே என் துணைக்கால்" என்று சிரிக்கிறார். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொல்கிறார், பாவம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ நம்பவில்லை என்கிறாய். உன்னைக் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். உன் எழுத்தைப் படிப்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் அல்லவா?

அந்த வரைவோலை மேசைமேல் இருக்கிறது, பாங்க்கில் போடவில்லை. மூன்று மாதத்தில் செல்லாமல் போய்விடும் என்கிறார் மாப்பிள்ளை. போகட்டும். அதை உனக்கே திருப்பி அனுப்பி, மெஷினை வாங்கினவரிடமிருந்து மீட்டுக்கொள் என்றால் கேட்பாயா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீண்ட கடிதம் எழுத வேண்டியதில்லை. நான் உனக்கு வேண்டுமா, வேண்டாமா? ஒரே ஒரு வார்த்தை எழுது. உன் கையால் எழுது. மெத்தைமேல் வைத்து எழுதினாலும் பரவாயில்லை. இந்தத் தடவை சரியாகப் படிப்பேன்.

உன்
பெரிசு


செப்டம்பர் 2

தம்பிக்கு,

கார்டில் எழுதுகிறேன். கவரைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பலாம். கார்டைத் திருப்பி அனுப்புவதற்குள் கண்ணில் பட்டுவிடும் அல்லவா?

நான் அனுப்பிய கவர் நேற்று வந்துவிட்டது. ஒட்டினது ஒட்டினபடியே இருக்கிறது. மேலே எழுதியிருப்பது தபால்காரர் எழுத்தாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, நீ எழுதியது. நான் உள்ளே என்ன கேட்டிருக்கிறேன் என்று தெரியாமலே பதில் எழுதிவிட்டாய்.

ஒரே வார்த்தை. பலகைமேல் வைத்து எழுதினாய் போலிருக்கிறது, பேனா எங்கேயும் அமுங்கவில்லை. துணைக்கால் எதிலும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு தடவை தப்பாகப் படித்தவள்தானே. மாமாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடி கூடப் போடாமல் படித்துவிட்டார்.

அக்கா